இரண்டாவது வரிசை, ஒற்றைச் செருப்பு

என் பெரியப்பாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரைப் பற்றி எழுதினால் நான் அடித்த கூத்தையும் எழுதியாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல முடியுமா என்று இரண்டு தாள் கிழித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக ஒரே கம்பெனி. உடன் வேலை பார்ப்பவர்கள் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் ஏறி இறங்கும்போது சுவரில் காதை வைத்துக் கேட்டே எந்த மாடியில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் ஆட்களை நலம் விசாரிப்பார்கள், இவர் ஃபிரிட்ஜை விசாரிப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் தலைக்கு மேலே சுற்றியதையே பார்த்துக்கொண்டிருந்தவர், கிளம்பும்போது "மூணாவது ஃபேனுக்குக் கீழ மட்டும் யாரும் உக்காராதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு அந்த இடத்தில் கடைசிவரை யாரும் உட்காரவில்லையாம். பெரியம்மா இன்றுவரை அந்த வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

அவர் வேலையில் இன்னொரு பகுதி உண்டு. லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டால், திறக்கும்வரை அவர்களிடம் பேச வேண்டும். பெரியப்பா கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடுக்கு வழியாகப் பேசுவார். 'பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்லவே மாட்டார். "பயப்படாதேன்னு சொன்னா, அப்போ பயப்பட ஏதோ இருக்குன்னு தானே அர்த்தம்" என்பார். பெயரும் கேட்க மாட்டார். பெயரைக் கேட்டால் போலீஸ் மாதிரி இருக்கிறதாம். அவரிடம் மூன்றே கேள்விகள். காலையில் என்ன சாப்பிட்டீங்க. யாரோட வந்தீங்க. இறங்கினதும் முதல்ல எங்க போகணும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு ஒழுங்காகிவிடும் என்பது அவர் கணக்கு.

இனி என் விஷயம். பள்ளிக்கூடம் முடிந்திருந்தது, பரீட்சை முடிவு வரவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அலமாரியை இடம் மாற்றினேன், மறுநாள் பழைய இடத்துக்கே மாற்றினேன். முடியை நானே வெட்டி, அதைச் சரி செய்ய இன்னும் வெட்டினேன். "இவளை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா சுவரை இடிச்சுடுவா" என்று அம்மா வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் பெரியப்பாவுக்கு பார்க்குக்கு இரண்டு பாஸ் கிடைத்தது. ஒன்றரை மணி நேரம் லிஃப்டில் மாட்டியிருந்த ஒரு அம்மா நன்றிக்காகக் கொடுத்தது. எந்தப் பார்க் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் 'பார்க்' என்று சொன்னாலே அது ஒன்றுதான். விளம்பரத்தில் ராட்டினத்தில் ஏறித் தலைகீழாகச் சிரித்துக்கொண்டே போவார்களே, அது. பெரியப்பா முதலில் பெரியம்மாவைக் கூப்பிட்டார். "எனக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்துது. சுவரிடிக்கிறவளைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் பெரியம்மா.

எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. அதில் ஒரு சிக்கலும் இருந்தது. ஏற்கனவே இரண்டு தடவை அங்கே போயிருப்பதாகப் பள்ளியில் மூன்று வருடமாகச் சொல்லிவைத்திருந்தேன்.

காலையில் பெரியப்பா கம்பெனி சட்டையில் வந்து நின்றார். முதுகில் கம்பெனி பெயர், பையில் டார்ச், கழுத்து மடிப்பு கத்தி மாதிரி இஸ்திரி.

"பெரியப்பா, வேற சட்டை இல்லையா?"

"இருக்கிறதுலயே கிழியாத சட்டை இதுதான் பாப்பா."

பதினேழு வயதிலும் நான் பாப்பாதான். பாப்பாவாகத் தெரியக்கூடாது என்று அக்காவின் உயர்ந்த செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டேன். என் காலுக்கு அது ஒரு விரல் பெரிது. நடந்தால் டப் டப் என்றது. பெரியப்பா கீழே பார்த்து, "இடது கால் லூசா இருக்கு" என்றார். நான் டப் டப் என்று முன்னால் நடந்தேன்.

வாசலில் பையைச் சோதித்த காவலர் ஒரு ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்தார்.

"சார், இது எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னு."

"உள்ள எல்லாத்துக்கும் ஸ்க்ரூ இருக்கு சார். விட்டுட்டுப் போங்க." அதற்கு ஒரு டோக்கன் கொடுத்தார். பெரியப்பா அதைப் பாஸைவிடப் பத்திரமாகப் பையில் வைத்தார்.

உள்ளே போனதும் எனக்கு ஓடத் தோன்றியது. எங்கே பார்த்தாலும் நிறம், அலறல், மேலிருந்து கீழே விழும் மனிதர்கள். பெரியப்பாவோ ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, "கிரீஸ் நல்லா போட்டிருக்காங்க" என்றார். அடுத்த ராட்டினத்துக்கும் அதேதான். நான் பத்து அடி முன்னால் நடந்தேன். பத்து என்பது நானாக முடிவு செய்த தூரம்.

மூன்றாவதாகச் சுரங்க ரயில். பாழடைந்த சுரங்கம் மாதிரி சிமெண்டுப் பாறையெல்லாம் செய்து, அதன் உச்சிவரை ஏறிக் கீழே பாயும் வண்டி. வரிசை பாம்பு மாதிரி மடிந்து மடிந்து போனது. முக்கால் மணி நேரம் நின்று முன்னால் வந்தபோது, பின்னால் இருந்து என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர். நடுவில் நின்றவளை நாங்கள் லீடர் என்போம். வகுப்புத் தலைவியாக இருந்து, அந்தப் பதவியை வீட்டுக்கும் எடுத்துப் போனவள்.

"நீதான் ரெண்டு தடவை வந்திருக்கியே. இதுல எது பயங்கரம், சொல்லு" என்றாள் லீடர்.

"இது சுமார்தான்" என்றேன். "போன தடவை இன்னும் வேகமா விட்டாங்க."

பேச வசதியாக நான் கம்பிக்குள் இரண்டு பேரை முன்னால் விட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அப்போதுதான் முன்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது.

"தம்பி, வண்டியை நிறுத்துங்க. பேரிங் போச்சு."

வண்டியை இயக்கும் பையன் என்னைவிட இரண்டு வயது பெரியவனாக இருக்கலாம். "என்ன சார்?"

"கேக்குதா? கிரீச், ஒரு இடைவெளி, மறுபடி கிரீச். இது பேரிங்தான். ஆளை ஏத்தாதீங்க."

வரிசையே எட்டிப் பார்த்தது. பையன் மெதுவாகச் சிமெண்டுப் பாறையின் பின்னால் கையைக் காட்டினான். "சார், அது ஸ்பீக்கர். சுரங்கம்னா கிரீச்சுனு இருக்கணும்னு ரெக்கார்டு பண்ணிப் போடறாங்க."

மொத்த வரிசையும் சிரித்தது. பெரியப்பா மட்டும் அந்தப் பாறைக்குப் போய், குனிந்து, காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, "ஆமா, ஸ்பீக்கர்தான். எந்த பேரிங்கை ரெக்கார்டு பண்ணாங்களோ, அது போச்சு" என்றார். மறுபடி சிரிப்பு.

"யாருடி அது?" என்றாள் லீடர்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

"தெரியல" என்றேன். "சட்டையைப் பார்த்தா இங்க வேலை பார்க்கிறவர் போல."

சொல்லி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஆறு மாடிக்கு மேலே தேயும் சக்கரம் கேட்கிற காதுக்கு, ஆறு அடி தள்ளி நிற்கிற நான் சொன்னது கேட்காமல் இருக்குமா? பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையின் முன்பக்கத்தை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே போய், ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் வேலியோரம் நின்றார். அங்கே வேலை பார்க்கிறவர் மாதிரியே நின்றார்.

எங்கள் முறை வந்தது. வேலியோரத்திலிருந்து அவர் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எல்லாரும் செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு ஏறுங்க."

அந்தச் சட்டைக்கு அவ்வளவு மரியாதை. எல்லோரும் கழற்றினார்கள். லீடர்கூடக் கழற்றினாள். நான் கழற்றவில்லை. கழற்றினால் அவர் சொல்லிக் கேட்ட மாதிரி ஆகிவிடும், கேட்டால் தெரிந்தவர் மாதிரி ஆகிவிடும் என்று என் மூளை அந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டது. பரீட்சையில் அப்படி யோசித்திருந்தால் முடிவுக்குப் பயப்பட வேண்டியிருக்காது.

இரண்டாவது வரிசையில் லீடருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரும்புப் பட்டை மடியில் இறங்கியது. பையன் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். காலைப் பார்க்கவில்லை. வண்டி டக் டக் என்று ஏற ஆரம்பித்தது. கால் தொங்கியது. பாதி ஏற்றத்தில் நான் கீழே குனிந்து பார்த்தேன், இடது கால் உதறியது. அக்காவின் செருப்பு கழன்று, அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, தண்டவாளத்தின் நடுவில் போய் விழுந்தது.

வண்டி நின்றது.

மேலே வானம், கீழே நாலு மாடி. எல்லோரும் ஒரு தடவை கீழே பார்த்தோம். பிறகு எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். ஒலிபெருக்கியில் அந்தப் பையன் வந்தான். "யாரும் பயப்படாதீங்க. தண்டவாளத்துல ஏதோ விழுந்திருக்கு. டெக்னீஷியன் வந்து பார்த்த பிறகுதான் எடுக்க முடியும். பயப்படாதீங்க. தயவுசெஞ்சு யாரும் பயப்படாதீங்க." அவன் குரலே நடுங்கியது. மூன்றாவது தடவை அவன் சொன்னபோது பின்வரிசையில் ஒருவர் அழ ஆரம்பித்தார்.

"நீதான் ரெண்டு தடவை வந்திருக்கியே, இப்படி ஆனா என்ன பண்ணுவாங்க?" என்று லீடர் என் கையைப் பிடித்தாள்.

நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினேன், மூடினால் இன்னும் உயரமாக இருந்தது.

கீழே வேலியைத் தாண்டி ஒரு கம்பெனி சட்டை ஏறும் இடத்துக்குப் போவது தெரிந்தது. பையனிடம் ஏதோ சொன்னது. பையன் சுற்றிப் பார்த்தான். அவனுக்கும் வேறு பெரியவர்கள் யாரும் இல்லை. மைக் கை மாறியது.

"முதல் வரிசை, தொப்பி போட்டவர்" என்றது ஒலிபெருக்கி. அவசரமே இல்லாத குரல். "காலைல என்ன சாப்பிட்டீங்க?"

தொப்பிக்காரர் கொஞ்சம் யோசித்து, "முட்டை" என்று கத்தினார்.

"எத்தனை?"

"மூணு."

"நல்ல பசிதான். யாரோட வந்தீங்க?"

"பையனோட."

"இறங்கினதும் முதல்ல எங்க போகணும்?"

தொப்பிக்காரர் தயங்கி, "பாத்ரூம்" என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் அழுகையும் நின்றது.

"அடுத்தது ரெண்டாவது வரிசை. ஒத்தைச் செருப்பு."

பதினைந்து தலைகள் என் காலைப் பார்த்தன.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

சாப்பிட்டீங்க. என்னைப் பார்த்து. பிறந்ததிலிருந்து பாப்பா, வா, போ என்று கூப்பிட்டவர், நான் சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக மைக்கில் எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒண்ணும் சாப்பிடல" என்று கத்தினேன்.

"அதான் கால் உதறுது. யாரோட வந்தீங்க?"

லீடர் என்னைப் பார்த்தாள். தோழிகளோடு என்று சொல்லலாம். அவரே அதற்கு இடம் விட்டிருந்தார். அவர் கேட்ட தொனியில் எந்தப் பதிலும் பொருந்தும்.

"பெரியப்பாவோட" என்றேன். சத்தம் போதவில்லை. மறுபடி, தொண்டை கிழிய, "பெரியப்பாவோட வந்தேன்" என்றேன்.

ஒலிபெருக்கி ஒரு நிமிடம் கரகரத்தது.

"எங்க இருக்கார் உங்க பெரியப்பா?"

"மைக்ல பேசிட்டிருக்கார்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. லீடர் என் கையை விடவில்லை. "அப்போ ரெண்டு தடவை வந்தது?" என்றாள் காதோரமாக. "அதுவும் இல்ல" என்றேன். இனி மறைத்து என்ன பயன்? நாலு மாடி உயரத்தில் கௌரவத்தை எங்கே வைப்பது?

"சரி பாப்பா" என்றது ஒலிபெருக்கி, ஊருக்கே கேட்கும்படி. "இறங்கினதும் முதல்ல எங்க போகணும்?"

"செருப்பு தேடணும். அக்காவோடது."

"அது என்கிட்ட வரும். மூணாவது வரிசை, சிவப்புச் சட்டை..."

டெக்னீஷியன்கள் வந்து, செருப்பை எடுத்து, வண்டியை மெதுவாகப் பின்னால் இறக்கும்வரை இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் பதினாறு பேரின் காலைச் சாப்பாடும் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரிசைக்காரர் இறங்கியதும் பெரியப்பாவுக்குக் கை கொடுத்தார். இயக்கும் பையன் செருப்பை ஒரு பையில் போட்டு, என்னிடம் தராமல், அவரிடமே தந்தான்.

லீடரும் மற்றவர்களும் என் பெரியப்பாவைச் சுற்றி நின்று லிஃப்ட் கதைகள் கேட்டார்கள். நான் ஒற்றைச் செருப்போடு பத்து அடி பின்னால் நின்றேன். இந்தத் தடவை தூரத்தை முடிவு செய்தது என் கால்.

என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று திரும்பி வரும் வழி முழுக்க யோசித்தேன். பேருந்தில் நான் தொண்டையைச் செருமியபோதெல்லாம் அவர், "கியர் பாக்ஸைக் கேளு, எப்படி அழுவுது பாரு" என்று பேச்சை மாற்றினார். வாசலில் வாங்க மறந்த ஸ்க்ரூடிரைவருக்காக மட்டும் ஒரு நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போய்விட்டு வந்தோம்.

வீட்டில் பெரியம்மா கதவைத் திறந்ததும் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு அவரிடம் கேட்டார்.

"என்னங்க, இவ இப்படி இருக்கா? அங்க பயந்துட்டாளா?"

பெரியப்பா சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க வேலை பார்க்கிறவன்."