நெஞ்சு எந்தப் பக்கம்

கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனது இருமலுக்காக. அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று துணியை விரித்து விரித்துப் பார்க்கிற வேலை. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசிதான். இருமல் மாதக்கணக்கில் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். காசநோயாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மாதான் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்தார். மறுபடியும் பழையபடியே பிடித்தார். படம் எடுத்தவரைக் கூப்பிட்டு, மாற்றி எடுத்துவிட்டாயா என்று அதட்டினார். அவர் சத்தியம் செய்யாத குறை. இன்னொரு படம் எடுத்தார்கள், அதுவும் அப்படியே வந்தது. பிறகு டாக்டரம்மா குழாயை என் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இடது பக்கம் வைத்தார், வலது பக்கம் வைத்தார், வலது பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருவனுடைய கையைத் தட்டிவிட்டேன். அப்புறம்தான் டாக்டரம்மா அவர்களை அனுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நுரையீரல்ல ஒண்ணும் இல்லம்மா. தூசியால வந்த இருமல்தான். ஆனா உனக்கு இதயம் வலது பக்கம் இருக்கு. கல்லீரல் இடது பக்கம் இருக்கு. உள்ள இருக்கறது எல்லாமே கண்ணாடியில தெரியற மாதிரி இடம் மாறி இருக்கு. பிறவியிலேயே அப்படி. ரொம்ப அபூர்வம். நோய் இல்ல, பயப்படாதே."

நோய் இல்லை என்றது என் காதில் விழுந்தது. இடம் மாறி இருக்கிறது என்றது மட்டும்தான் அம்மாவின் காதில் விழுந்தது.

"புள்ளை பெறக்குமுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"தாராளமா பிறக்கும்."

"அந்தப் புள்ளைக்கும் இப்பிடியே இருக்குமுங்களா?"

"பெரும்பாலும் இருக்காது. முன்கூட்டியே சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கண்ணை மூடி முருகனை வேண்டிக்கொண்டே வந்தாள். நான் யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் கையை விட்டு வலது பக்கம் தொட்டுப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. அத்தனை வருடமும் அங்கேதான் அடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யார்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதில் வீட்டில் சண்டை. மாப்பிள்ளை தாராபுரம் பக்கத்துக்காரர், திருப்பூரில் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சொல்லிவிடலாம் என்றார் அப்பா. சொன்னால் கல்யாணம் நின்றுபோகும் என்றாள் அம்மா. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே, வலிப்பை மறைத்துக் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணைப் பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. எனக்கு உள்ளே இருப்பது குறையா, குறை இல்லையா? டாக்டரம்மா சொன்னதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கடைசியில் முருகன் கோயிலில் பூக்கேட்டுவிடுவது என்று முடிவானது. எங்கள் பக்கம் எந்தக் காரியத்துக்கும் அதுதான் வழி. பூசாரி சாமியின் இரண்டு பக்கமும் பூ வைப்பார். வலது பூ விழுந்தால் சொல்லிவிடுவது, இடது பூ விழுந்தால் வாயை மூடிக்கொள்வது. காத்திருந்தோம். பூ விழுந்தது.

"வலது விழுந்திருச்சு, சொல்லிப்போடலாம்" என்றார் அப்பா.

"அது நமக்கு வலதுங்க. சாமிக்கு அது இடது" என்றாள் அம்மா.

பூசாரி, "சாமிக்கு எது வலதோ அதுதாங்க வலது" என்று முடித்துவிட்டார். எக்ஸ்ரே படத்தைக் காட்டி டாக்டரம்மாவும் இப்படித்தான் சொன்னார், படத்தில் இடது பக்கம் இருப்பது உன் வலது பக்கம் என்று. எதிரில் நிற்கிறவர்களுக்கு ஒன்று, நிற்கிறவளுக்கு ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமியக் கேக்கறதுக்கு அந்த மாப்பிள்ளையவே கேட்டிருக்கலாம்" என்றேன். அம்மா சன்னதியிலேயே என் தொடையைக் கிள்ளினாள்.

மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் சொல்லாமலே கல்யாணம் நடந்தது. புருஷன் வீட்டு வாசலில், "வலது காலை எடுத்து வெச்சு வா அம்முணி" என்று சொன்னபோதே எனக்குக் குழப்பம். எல்லாம் மாறியிருக்கிறவளுக்கு வலது கால்தானா? நான் தயங்கியதை வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் பயம்தான். திடுக்கிட்டால் என் கை தானாக வலது பக்கம் போகும். பக்கத்தில் மாமியார் இருந்தால் சட்டென்று இடது பக்கத்துக்கு மாற்றிக்கொள்வேன். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகமாட்டேன். குழாய் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது கதை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"ஒரு ஊசி போட்டுட்டு வந்தரலாம் வா புள்ள" என்று கூப்பிடுவார் அவர்.

"ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கசாயம் வெச்சுக் குடிச்சுக்கறேன். என்னை இழுத்துட்டுப் போனீங்கன்னா பாருங்க" என்று எரிந்து விழுவேன். பாவம் அந்த மனுஷன், ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கசாயத்துக்குச் சுக்கு மிளகு வாங்கி வருவார். அதிர்ந்து பேசமாட்டார். அப்படிப்பட்டவரிடம் மறைக்கிறோமே என்று அழுகை வரும், அழுதால் ஏன் என்று கேட்பார், அதற்கும் கோபம் வரும். இவளுக்கு என்னதான் வேண்டும் என்று மாமியாருக்குப் புரியவில்லை. எனக்கே புரியவில்லை.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மருத்துவச்சிதான் பார்த்தாள். பெண் குழந்தை. கழுவித் துடைத்துக் கையில் கொடுத்ததும் நான் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நெஞ்சில் காதை வைத்தேன். குடுகுடுவென்று அடித்தது. இடது பக்கம். சந்தேகம் தீராமல் அம்மாவையும் கேட்கச் சொன்னேன். அவளும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, முருகா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

குழந்தைக்குத் தலை நின்றதும் புருஷன் வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. மத்தியானம் நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே குழந்தையை மார்மேல் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"புள்ள, கொஞ்சம் உள்ள வா."

"என்னங்க?"

"வா, சொல்றேன்."

ஈரக் கையோடு போனேன். தொட்டிலில் குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பாப்பாளுக்கு என்னமோ கோளாறு புள்ள. நெஞ்சு இடது பக்கம் அடிக்குது."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "இடது பக்கம் அடிச்சா என்னங்க?"

"பொம்பளப் புள்ளைக்கு வலது பக்கந்தான அடிக்கோணும். உனக்கு அடிக்கற மாதிரி."

கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு வலது பக்கம் அடிக்குதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணம் ஆன புதுசுலயே தெரியுமே. பொம்பளைகளுக்கு அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டேன். ஜோசியக்காரர் ஆம்பளைகளுக்கு வலது கை பாக்கறாரு, உங்களுக்கு இடது கை பாக்கறாரு. கண்ணு துடிச்சாலும் அப்பிடித்தான். சட்டைப் பொத்தான்கூட உங்களுக்கு மாத்தித்தான் தெக்கறோம். நெஞ்சும் மாறித்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

எத்தனை காய்ச்சலைக் கசாயத்திலேயே ஓட்டியிருப்பேன். எத்தனை தடவை கையை இடது பக்கத்துக்கு மாற்றி வைத்திருப்பேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாகிட்டக்கூடச் சொல்லிப்போடாத. வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவள எவன் கட்டுவான்? நாம ரெண்டு பேர் மட்டும் வெச்சுக்கலாம்."

கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா பேசிய அதே பேச்சு. அதைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"போயி உங்கம்மா நெஞ்சுல காதை வெச்சுக் கேட்டுட்டு வாங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தார். பிறகு போனார். மாமியார் முன்னறையில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் குனிந்து தலையை அவர் மார்பில் வைப்பதைக் கதவிடுக்கில் பார்த்தேன். "என்றா இது, கழுதை வயசாச்சு, சின்னப் புள்ளையாட்டம்" என்று மாமியார் தள்ளிவிட்டார். மறுபடியும் வைத்தார். அரிசி சிந்தியது.

திரும்பி வந்து கதவைச் சாத்தினார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மாளுக்கும் இடதுதான்."

"ஆமாங்க."

"அப்ப பாப்பாளுக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லீங்க."

"உனக்குத்தானா?"

"எனக்குத்தானுங்க. உள்ள எல்லாமே மாறி இருக்குதாம். கல்யாணத்துக்கு முந்தியே எங்க ஊட்டுல தெரியும். உங்ககிட்டச் சொல்லல."

சொல்லி முடித்ததும் என் கண் தானாகப் பரண்மேல் இருந்த பெட்டிக்குப் போனது. நான் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த தகரப்பெட்டி. அவரும் அண்ணாந்து அதைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை போல. கிட்டே வந்து, குழந்தையைத் தொடுகிற மாதிரி, வலது பக்கம் உள்ளங்கையை வைத்தார்.

"வலிக்குமா புள்ள?" என்று கேட்டார்.

அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. டாக்டரம்மா கேட்கவில்லை, படிக்கிற பிள்ளைகள் கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை. வலிக்காதுங்க என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகை முந்திக்கொண்டது. அவர் வலிக்கிறது என்றே நினைத்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார்.