கல்தூசுக்கு என்ன மருந்து

ஓடுகிற கல்லூரிப் பேருந்தின் பின்பக்கம் நின்றுகொண்டு, மேடம் ஓர் எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருப்பார். பேருந்து குலுங்கும், ஃபிலிமும் குலுங்கும், மாணவர்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் தூங்குவார்கள், இல்லையென்றால் சினிமாக் கதை பேசுவார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். மேடம் எங்கள் சமூக மருத்துவத் துறையின் தலைவர். நான் அவருக்குக் கீழே விரிவுரையாளர். வயது எங்கள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கோபம் மட்டும் எனக்குக் கூடுதல். "விடுங்க சார், கேக்கிற பசங்க கேக்கட்டும்" என்பார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. தாம்பரத்தைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனால் குவாரிகள் இருந்தன. பாறையை வெடிவைத்து உடைத்து, கிரஷரில் போட்டு ஜல்லியாக்கி லாரியில் ஏற்றுவார்கள். பக்கத்து வேப்பமரத்து இலைகூட அங்கே வெள்ளையாகத்தான் இருக்கும். இன்றைக்கு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அதைச் சுற்றி அடுக்குமாடி கட்டி, ஏரி பார்த்த வீடு என்று சொல்லி விற்கிறார்கள். ஏரியாம்! வாங்கியவர்கள் மாலையில் பால்கனியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். நல்லா இருக்கட்டும், அவர்களுக்கென்ன தெரியும்.

எங்கள் பாடத்துக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் கக்கூஸ் சப்ஜெக்ட். குடிநீர், கழிவுநீர், கொசு, இவற்றோடு தொழில்சார் நோய்களும் அதில்தான் வரும். அறுவை சிகிச்சை வகுப்புக்கு ஓடுகிற கால், எங்கள் வகுப்புக்கு வரும்போது நொண்டும். "மேடம், இது எக்ஸாமுக்கு வருமா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் ஒரே கேள்வி. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்காமல் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக்கூடாது என்பது மேடத்தின் கட்டளை. கூலி வேலை என்று எழுதிக்கொண்டு வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "மூட்டை தூக்கிறாரா, கல்லுடைக்கிறாரா, தோல் பதனிடறாரா? போய்க் கேட்டுட்டு வா." நோயின் பெயரைச் சரியாக எழுதுவதுதான் வைத்தியத்தில் முதல் படி என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

அப்படிக் கேட்டபோது கிடைத்தவர்தான் அந்தக் கம்ப்ரஸர்காரர். பாறையில் துளைபோடுகிற வேலை. நடுவயதுகூட ஆகவில்லை, நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். காசநோய் என்று சொல்லி எங்கெங்கோ மருந்து கொடுத்திருந்தார்கள். சளியில் ஒருமுறைகூடக் கிருமி தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் இருமினாலே டி.பி.தான், வேறு நினைப்பே வராது. மேடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கல்தூசு இரண்டு நுரையீரலிலும் படிந்து இறுகிப் போயிருந்தது. சிலிக்கோசிஸ். இந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும், குவாரியில் தூசியை அடக்க வழி செய்யவேண்டும், சட்டம் இருக்கிறது என்று மேடம் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கம்ப்ரஸர்காரரின் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இடுப்பில் பிள்ளையோடு எங்கள் கல்லூரி நடத்திய கிராம சுகாதார மையத்துக்கு வந்து, மாணவர்கள் எதிரிலேயே கேட்டாள்.

"டிபின்னே எழுதும்மா. டிபின்னா மருந்து குடுக்கறாங்கோ, சரியாப்பூடும்னு சொல்றாங்கோ, மேஸ்திரியும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீ சொல்றதுக்கு இன்னா மருந்து கீது?"

மருந்து கிடையாது. மேடம் அதை மறைக்கவில்லை. "மருந்து இல்லம்மா. ஆனா டி.பி.ன்னு எழுதிட்டே இருந்தா, அடுத்து அந்த மெஷினைப் பிடிக்கிறவனுக்கும் இதேதான் வரும்" என்றார்.

"அடுத்தவன நா இன்னாமா பண்றது? எனக்கு எங்க வூட்டுக்காரு வோணும்."

அவள் தலை மறைந்ததும் மேடம் பேனாவை எடுத்தார். சிலிக்கோசிஸ் என்றுதான் எழுதினார். பொய்யை எழுதிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு இவர்களுக்குப் பாடம் நடத்துவது என்று என்னிடம் கேட்டார். அதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

மேடம் எழுதியதை வைத்து விசாரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரி வந்தார், வருகிற நாளை முதலாளிக்குச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்குக் குவாரி முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இந்த ஆளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று முதலாளி கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னான். இவர் இங்கேதான் வேலை செய்தார் என்று சொல்ல ஒரு தொழிலாளியும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவன் அடுப்பும் அணைந்துவிடும். அந்த வாரமே கம்ப்ரஸர்காரரின் குடும்பத்திடம் குவாரிக் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இருமுகிற மற்றவர்களையும் சேர்த்துத்தான் விரட்டினார்கள். அந்தக் குடும்பம் பள்ளிக்கரணையில் சொந்தக்காரர் வீட்டு ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவர் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

மேடம் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு எங்கள் கல்லூரியில் ஆயா வேலையாவது வாங்கிவிடலாம் என்று யார் யாரிடமோ கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. குவாரி முதலாளிதான் எங்களிடம் நன்றாகப் பாடம் கற்றுக்கொண்டான். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் நெஞ்சில் நோயில்லை என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவரவேண்டும் என்று புதிதாகச் சட்டம் போட்டான். பின்னால் யாரும் வழக்கு என்று வந்துவிடக்கூடாது பாருங்கள்.

ஒருநாள் கிராம மையத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள்.

"கிரஷர்ல கல்லு கொட்ற வேல தரேன்றாங்கோ. நெஞ்சு நல்லா கீதுன்னு உங்கையால வாங்கினு வரச் சொன்னாரு முதலாளி."

"என் கையாலயா?"

"ஆமாம்மா. அந்த டாக்டரம்மா கையெழுத்துதான் வோணும்னாரு."

"அங்க போகாதம்மா. உனக்கே தெரியுமே."

"வேற எங்கமா போவேன்? நீ குடுக்கலன்னா வேல இல்ல. புள்ளைங்க நேத்திலிருந்து ஒண்ணும் துன்னல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மாணவர்களை அருகே கூப்பிட்டேன். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்கள். அன்றைக்கு ஒருவனும் தூங்கவில்லை. "நார்மல், மேடம்" என்றான் ஒருவன், மெதுவாக. மேடமும் வைத்துக் கேட்டார், எக்ஸ்ரேயும் எடுக்க வைத்துப் பார்த்தார். நுரையீரல் இரண்டும் சுத்தமாக இருந்தன. அவர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் தாளை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கிளம்பினவள் திரும்பி நின்றாள்.

"இப்ப நல்லா கீதுன்னுட்ட. ரொம்ப நாளு தாங்குமாம்மா?"

அந்தக் கேள்விக்கான பதிலை மேடம் வருடம் தவறாமல் வகுப்பில் சொல்லி வந்தவர். ஈரத்துணி கட்டினாலும் கல்தூசு நுரையீரலுக்குள் போய்விடும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்ததும் அவர்தான். மாணவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூக்குல ஈரத்துணி கட்டிக்கோம்மா" என்றார் மேடம்.