“ரெண்டு காலையும் ஆட்டு”

மாவுக்கட்டை ஈரத்தோடு சுற்றி முடித்த சிறிது நேரத்தில் அது உள்ளுக்குள் கதகதவென்று சூடாகும். பன்னிரண்டு வயதுக்குள் அந்தச் சூட்டைக் கையிலும் காலிலுமாக ஒன்பது முறை அறிந்திருந்தேன். பிறவியிலேயே எனக்கு எலும்பில் பலம் கிடையாது. காரைக்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னைச் ‘சிலேட்டுக்குச்சி’ என்பார்கள். அதில் கேலியைவிட எச்சரிக்கையே அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, விலா எலும்புகள் நெஞ்சை அழுத்தி, பள்ளிக்கூடத்தின் நான்கு படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மதுரையில் பார்த்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. முதுகில் கம்பி வைத்து நிமிர்த்தாவிட்டால் மூச்சுத்திணறல் கூடும். நிமிர்த்தும்போது நரம்பு பாதித்தால் கால் விளங்காமல் போகலாம். கம்பியைத் தாங்க என் எலும்புக்குத் தெம்பிருக்கிறதா என்பதோ திறந்து பார்த்தால்தான் தெரியும். நரம்புக்குப் பாதிப்பில்லை என்று உறுதி செய்ய ஆபரேஷனின் பாதியில் மயக்கத்தைக் குறைத்து எழுப்புவார்கள், நான் காலை அசைத்துக் காட்ட வேண்டும்.

அப்பா பள்ளி ஆசிரியர். அன்றிலிருந்தே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். விடுமுறை நாட்களின் மதியத்தில் நான் கண்ணயர்ந்ததும், “செலின், ரெண்டு காலையும் ஆட்டு” என்பார்.

“தூங்குற பிள்ளையை ஏன் இப்படிப் பாடாப் படுத்துறீக?” என்று அம்மா சண்டைக்கு வருவார். அவருக்கு ஆபரேஷனிலேயே சம்மதமில்லை.

“அங்க நான் பக்கத்துல இருக்க முடியாதுல்ல. பழகட்டும்.”

ஒரு நாள் அசந்து தூங்கி, அவர் கூப்பிட்டது கேட்காமலே கிடந்தேன். விழித்தபோது அப்பா கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, “வேணாம்னு சொல்லிருவமா?” என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவ மூச்சுக்குத் திணறுறதைப் பக்கத்துல படுத்துக் கேக்குறவ நான். கிளம்புங்க, போவோம்” என்றார் அம்மா.

அறுவை சிகிச்சை பகல் முழுவதும் நடந்தது. வெளியே வந்த நர்ஸ், ஒரு முறை கூப்பிட்டதுமே நான் காலை ஆட்டிவிட்டதாகச் சொன்னாராம்.

“ரெண்டுமா?” என்று கேட்டிருக்கிறார் அப்பா.

“ரெண்டுந்தான், சார்.”

முதுகு முழுதாக நிமிரவில்லை. மூச்சுக்கு இடம் கிடைத்தது. நாங்கள் போனதும் அதற்குத்தான்.

இப்போது நரம்பைக் கருவிகளே கவனித்துக்கொள்வதால் பிள்ளைகளைப் பாதியில் எழுப்புவது அநேகமாக நின்றுவிட்டது என்று சமீபத்தில் ஓர் இளம் டாக்டர் சொன்னார். நல்லதுதான். நான் காலை ஆட்டிய அந்த நிமிடம் எனக்குத் துளியும் நினைவில்லை. அப்பாவும் இன்று இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும்கூட, தூங்கும் என்னை அவர் ஒருநாளும் எழுப்பியதில்லை.