காந்தம் ஒட்டிய கத்தி

ராஜா முகமதுவின் சாணைப் பட்டறை எங்கள் பனியன் கம்பெனியின் பின்வாசலுக்கு எதிரில் இருந்தது. தகரக் கூரை, ஒரு மோட்டார், இரண்டு கல், அவ்வளவுதான். தாராபுரத்தில் மச்சான் ஜமாலின் பாத்திரக் கடையில் எவர்சில்வர் பாத்திரங்களில் பேர் வெட்டிக்கொண்டிருந்தவர், சொந்தத் தொழில் என்று சொல்லி 1986இல் மனைவி சபுரா பீவியோடு திருப்பூர் வந்தார். ஜமால் ஒரு வருஷம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் பட்டறை ஊன்றாவிட்டால் பேசாமல் கடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

நான் கம்பெனியில் சூப்பர்வைசர். அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் முதன்முதலாக பி.எஸ்சி. முடித்தவன், அதுவும் பிசிக்ஸ். எது வாங்கினாலும் முதலாளி அய்யாசாமி என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்.

செக்கிங் பிரிவுப் பெண்கள் பனியனில் தொங்கும் பிசிறு நூலை வெட்டச் சின்னக் கத்தி வைத்திருப்பார்கள். இரும்புக் கத்தி. கோடையில் கை வியர்வை பட்டுத் துருப்பிடிக்கும், துரு வெள்ளைத் துணியில் ஏறும். அந்தக் கறையால் ஒரு லாட் முழுதும் திரும்பி வந்தது. துருப்பிடிக்காத கத்தி இருநூறு வேண்டும் என்றார் அய்யாசாமி. ராஜா முகமது ஒப்புக்கொண்டார். கெடு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. இந்த வேலை அமைந்தால் பட்டறை நிற்கும், இல்லாவிட்டால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான்.

முதலில் மச்சான் கடைக்கு வரும் பாத்திரத் தகட்டிலேயே பத்துக் கத்தி செய்து கொடுத்தார். அது 304 என்ற ரகம். கண்ணாடி மாதிரி மின்னியது, துரு அண்டவில்லை. ஆனால் காலையில் தீட்டிய முனை மதியச் சாப்பாட்டுக்குள் மழுங்கியது. செக்கிங்கில் இருந்த சங்கரன்கோவில்காரி செல்லத்தாய் கத்தியை அவர் முன்னால் போட்டாள்.

"நூலை வெட்டலை அண்ணாச்சி, கெஞ்சிக்கிட்டுல்லா இருக்கேன்."

ராஜா முகமது கோயமுத்தூருக்குப் போய் இரும்பு வியாபாரிகளிடம் விசாரித்தார். 304இல் குரோமியமும் நிக்கலும் அதிகம், அதனால் துருப்பிடிக்காது. ஆனால் எத்தனை முறை நெருப்பில் வைத்தாலும் இறுகாது. 420 என்ற ரகத்தில் குரோமியம் குறைவு, கார்பன் அதிகம். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் இறுகும், முனை நிற்கும். அங்கேயே ஓர் உலையில் பதம் பிடித்து, இருநூறு கத்தியும் தீட்டிக் கொண்டுவந்தார். பில்லில் ‘எஸ்.எஸ். 420’ என்று தெளிவாக எழுதியிருந்தார்.

மோசடிக்கான சட்டப் பிரிவு 420 என்பதால், ஏமாற்றுக்காரனை ஊரில் ஃபோர்ட்வென்டி என்றுதான் சொல்வார்கள். அய்யாசாமி பில்லை இரண்டு முறை படித்தார்.

"ஏனுங்க பாய், பேர்லயே சொல்லிப்போட்டீங்களே?"

எல்லாரும் சிரித்தார்கள். ராஜா முகமதுவும் சிரித்தார். நான் சிரிப்போடு விடவில்லை. தையல் பிரிவில் உடைந்த ஊசி பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை எடுத்துவந்து கத்தியில் வைத்தேன். சடக்கென்று ஒட்டியது. எவர்சில்வர் என்றால் காந்தம் ஒட்டாது, இது கலப்படம் என்று சொன்னேன். நான் படித்த பிசிக்ஸில் அப்படி எதுவும் இல்லை. பாத்திரக் கடையில் குடம் வாங்கும்போது என் அம்மா செய்யும் சோதனை அது. ஆனால் டிகிரி படித்தவன் சொன்னதாக அது செல்லுபடியானது. இருநூறு கத்தியையும் எடுத்துப்போகச் சொல்லிவிட்டார் அய்யாசாமி.

ராஜா முகமது என்னிடம் கோபப்படவில்லை. குடத்துக்கு அது சரி, கத்திக்கு அப்படி இல்லை, தீட்டி முனை நிற்கிற ஸ்டீல் எல்லாமே காந்தத்தில் ஒட்டும் என்றார். மூன்று நாள் மட்டும் கேட்டார். இரும்பில் ஒன்று, 304இல் ஒன்று, 420இல் ஒன்று என மூன்று கத்திக்கும் வேறு வேறு நிற நூல் சுற்றி, எது எது என்று சொல்லாமல் செல்லத்தாயிடம் கொடுத்தார்.

இரும்பு மறுநாளே சிவந்துவிட்டது. 304ஐ அவள் இரண்டாம் நாள் தொடவேயில்லை. மூன்றாம் நாள் காலையில் 420ஐ மட்டும் கையில் வைத்திருந்தாள். அய்யாசாமி வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். ராஜா முகமது அதைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடி சேரும் இடத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளியைக் காட்டினார். அதுவரை யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

"ஈரத்தோட வெச்சா இதுவும் புடிக்குமுங்க. சாயந்தரம் தொடச்சு வெக்கோணும்."

தினமும் துடைக்க வைப்பது என் வேலை என்று அங்கேயே முடிவாயிற்று. அய்யாசாமிக்கு இன்னும் ஒன்று உறுத்தியது. ஆடிட்டர் பார்த்தால் சிரிப்பார், பில்லில் 304 என்றே போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றார். எழுதினால் அன்றைக்கே ஆர்டர். கெடுவோ பதினோரு நாளில் முடிகிறது.

ராஜா முகமது பில்லைத் தொடவில்லை.

"அப்படி எழுதுனாத்தானுங்க நான் ஃபோர்ட்வென்டி."

அய்யாசாமி பில்லை என் பக்கம் தள்ளினார்.

"இருக்கறபடியே கணக்குல ஏத்திரு கண்ணு."

இருநூறும் உள்ளே வந்தன. அடுத்த வாரம் ஜமால் தாராபுரத்திலிருந்து வந்தார். பட்டறை வாசலில் தீட்டக் காத்திருந்த கத்திகளைப் பார்த்தார், டீ குடித்தார். கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.