தர்பூசணிக்குக் கட்டிய தூளி

சேக்காட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் ஒரு வசதி, மொட்டை மாடி எங்களுக்கே எங்களுக்கு. அந்த வெயிலை வேறு யாரும் கேட்கப் போவதில்லை. போன தை மாதம் அங்கே நான்கு பைகளில் மண் நிரப்பிக் குட்டித் தர்பூசணி விதை போட்டேன். இரண்டு பேர் உட்கார்ந்து தின்றால் தீர்ந்துவிடும் அளவுப் பழம். எங்கள் வீட்டில் எட்டு வருடமாக இரண்டு பேர்தான்.

தர்பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு முதலிலேயே இருக்கும். எங்கள் மாடிக்குத் தேனீ வருவதில்லை. அதனால் காலையில் அம்பத்தூர் ஆபீசுக்கு ரயில் பிடிக்க ஓடும் முன், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நானே தடவிவிடுவேன். சேர்ந்தால் பிஞ்சு பருக்கும். சேராவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். முதல் ஐந்தும் விழுந்தன. எனக்கும் ஒருமுறை பத்தாவது வாரத்தில் அப்படித்தான் போனது. அதன்பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்த கதையெல்லாம் வேண்டாம். போன வருடம் போதும் என்று நிறுத்திவிட்டோம். ஆசையை மட்டும் நிறுத்தத் தெரியவில்லை.

பிறகு மூன்று பிஞ்சுகள் நின்றன. கொடியைக் கயிற்று வலையில் ஏற்றிவிட்டிருந்தேன். தொங்கும் பழம் கனத்தால் கொடி அறுந்துவிடும், துணியால் ஏந்திக் கட்ட வேண்டும். மெல்லிய துணி தேடிப் பரணில் ஏறினேன். நான் உண்டாகியிருந்தபோது அம்மா அவசரப்பட்டு ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பை அங்கே இருந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலைகள், தூளிக்கு ஆகும் என்று. கரு கலைந்ததும் அந்தப் பையைப் பரணில் ஏற்றியவர் என் கணவர். அன்றும் ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. இந்த மனிதருக்கு வலிக்கவே வலிக்காதா என்று எனக்குள் ஒரு கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடுதான் சேலையைக் கிழித்து மூன்று பழங்களுக்கும் கட்டினேன்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா மிளகாய் காயவைக்க மேலே வந்தார். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார். மறுநாள் காலை மூன்று துணிகளிலும் மஞ்சள் கயிறு, குங்குமப் பொட்டு. பிள்ளை வேண்டிக் கோயில் மரத்தில் தூளி கட்டுவார்களே, நான் அதைத்தான் மாடியில் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று கீழே போனேன்.

"அக்கா, அது பழம் அறுந்து விழாம இருக்கக் கட்டுனது. வேண்டுதல் எல்லாம் ஒண்ணுமில்ல."

அக்கா அசரவில்லை. "எனக்கு இன்னா தெரியும்? தூளி மாறியே தொங்கினு கீது. நா வேண்டிகினேன். வேண்டினத்த எப்டிம்மா திருப்பி வாங்குறது?"

மாடிக்குத் திரும்பினேன். கயிற்றை அவிழ்க்கக் கை வரவில்லை. அப்புறம் தினமும் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு தூளியையும் லேசாகத் தொட்டு ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான்.

பழத்தை ஒட்டிக் கொடியில் இருக்கும் கம்பிச் சுருள் காய்ந்தால் பறிக்கலாம். பங்குனிக் கடைசியில் இரண்டைப் பறித்தேன். நல்ல சிவப்பு. கீழே பாதி கொடுத்தேன். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டபடி மாடிக்கு வந்தார். காற்றில் வெறும் தூளி இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"காலித் தூளி ஆடக் கூடாதும்மா. அவுத்துடு. இல்லாங்காட்டி ஒரு கல்லாச்சும் போட்டு வெய்யி. எங்க ஊட்ல புள்ளய போடறதுக்கு மின்னாடி கொழவிக்கல்லத்தான் போடுவோம்."

கணவர் அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இரண்டையும் அவிழ்த்து மடித்தேன்.

மூன்றாவது பழத்தின் சுருளும் காய்ந்தது. நான் பறிக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் போனது. அந்தத் தூளியும் காலியாவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே அந்தப் பழம் இருந்தது. அவர்தான் பறித்திருக்கிறார். பொங்கி வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு ரசத்துக்கு மிளகு தட்டப் போனேன். சின்ன உரல் இருந்தது, அதன் குழவியைக் காணவில்லை. அடுக்களை முழுக்கத் தேடினேன். அவர் கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

மாடிக்குப் போனேன். தூளி அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அடித்தும் ஆடவில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே எங்கள் குழவிக்கல்.

துணியைப் பழையபடி மூடினேன். கல்லை எடுக்காமல் இறங்கி வந்தேன். அன்றைக்கு மிளகை டம்ளர் அடியால் நசுக்கித்தான் ரசம் வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.