பிரேக் லேட்டாப் பிடிக்கும் வண்டி

என் சித்தி பஸ் ஓட்டுகிறாள். ஆறு வருஷத்தில் ஒரு உரசல்கூட இல்லை. டிப்போவில் அவளுக்குப் பெயர் 'பூனை'. வண்டி வந்து நிற்பதே தெரியாதாம். அப்பேர்ப்பட்டவள் பெற்றது ஒரு பட்டாசு. வயது எட்டு.

போன மாதம் பட்டாசு, பள்ளிக்கூடத்துத் தீ எச்சரிக்கை மணியை மூன்றாவது தடவையாக அழுத்திவிட்டாள். எழுநூறு பிள்ளைகளும் மைதானத்தில். "இன்னொரு தடவைன்னா டி.சி.தான்" என்று தலைமையாசிரியை முன்பே சொல்லியிருந்தார். சித்தி காக்கிச் சட்டையோடு ஓடினாள், துணைக்கு நான். ஒன்பதாவதோடு படிப்புக்கு முழுக்குப் போடும்வரை, தலைமையாசிரியை அறை பெஞ்சைத் தேய்த்ததில் என் பங்கு அதிகம்.

"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்கம்மா. திட்டம் போட்டே செய்யறா."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"திட்டம் போட்டுச் செய்யறவன் நான், டீச்சர். உங்க நாற்காலியில பசை தடவ நாலு நாள் நோட்டம் விட்டேன்."

"அது நீயாடா?"

"அத விடுங்க. இவ உங்க கண்ணு முன்னாடியே அழுத்தியிருக்கா. எந்தக் கள்ளனாவது இப்படி மாட்டுவானா? அழுத்தினப்புறம்தான் அவளுக்கே தெரியுது. உடனே அழுவுறா."

அவர் டி.சி. புத்தகத்தை மூடினார். ஒரு மாதத் தவணை. டாக்டரிடம் காட்டிக் கடிதம் வாங்கி வர வேண்டும்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "வயித்துல இருக்கும்போது குடிச்சீங்களா?"

நான் சுவரிலிருந்த படத்தில் பற்களை எண்ண ஆரம்பித்தேன்.

"குடிச்சேன்," என்றாள் சித்தி. "நாலு மாசம் வரைக்கும் உண்டானதே தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கு விட்டது. இன்னைக்கு வரைக்கும் தொடல."

எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது அது.

சோதனைகள் முடிந்த பிறகு டாக்டர் சொன்னார்: "அந்தக் குடி குழந்தைக்கும் போயிருக்கும்மா. 'நில்லு'ன்னு சொல்ற வேலைய மூளை லேட்டாத்தான் செய்யுது. திமிர் இல்ல, அடிச்சு மாத்த முடியாது. முழுசாச் சரியாகும்னும் சொல்லமாட்டேன். ஆனா பழக்கலாம். நீங்க விட்டதும் அவளுக்கு நல்லதுதான்."

சித்தி அழுவாள் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அழுக்குதான், ஆனாலும். அவளோ மூக்கை உறிஞ்சிவிட்டு, "பிரேக் லேட்டாப் பிடிக்குற வண்டி. நான் ஓட்டியிருக்கேன் டாக்டர். ஸ்டாப் வந்தப்புறம் மிதிச்சா நிக்காது, தூரத்துலேயே மெதுவா மிதிச்சுட்டு வரணும்" என்றாள்.

"அதேதான்!" என்றார் டாக்டர்.

கடிதத்தைப் படித்த தலைமையாசிரியை பட்டாசை முதல் வரிசைக்கு மாற்றினார். ஒரு சமயத்தில் ஒரே ஒரு வேலைதான் சொல்ல வேண்டும் என்று எல்லா டீச்சர்களுக்கும் உத்தரவு. பசைக்கான தண்டனை எனக்கு: தினமும் காலையில் அவளை மணியைத் தாண்டிக் கூட்டிப் போய் வகுப்பில் விட வேண்டும்.

இன்று வராந்தா முனையிலேயே சொன்னேன்: "ஸ்டாப் வருது."

இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டாள். மணியை முறைத்தபடியே தாண்டினாள்.

"அண்ணா, நின்னுட்டேன்!"

பள்ளி வாசல் ஸ்டாப்பில் சித்தியின் பஸ் இன்னும் கிளம்பவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். பூனை ஹாரன் அடித்து இன்றுதான் கேட்டேன்.