சேராத கோடு

ஐடிஐயில் சிவில் வரைவாளர் படிப்பு முடித்திருந்தேன். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தபின் பென்சிலைத் தொடவே இல்லை. மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், வீட்டிலிருந்தே பிளான் வரையலாமென்று பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். எல்லாரும் சொன்ன பெரிய மென்பொருளின் விலையைச் சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டேன். கேட்டதும் ரிசீவரை வைத்துவிட்டேன்.

"அந்தக் காசுக்கு ஊடே கட்டிக்கலாமே," என்றார், சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு ஆலையில் வேலை பார்த்த என் கணவர்.

பஜாரில் போட்டுக் கொடுத்த திருட்டுக் காப்பி, கம்ப்யூட்டரையே முடக்கியது. கடைசியில் ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில், வீட்டு உபயோகத்துக்கு இலவசமான சின்ன மென்பொருள் கிடைத்தது.

கற்றுக்கொள்வதற்காக நாங்கள் இருந்த ஓட்டு வீட்டையே வரைந்தேன். படுக்கையறை அகலத்தை ஒரு கோடியில் தரையோடு நான் அளந்தேன். மறு கோடியில் பீரோ மறித்ததால், அதன் தலைக்கு மேலே அவர் அளந்தார். திரையில் கடைசிக் கோடு மூலையில் சேரவில்லை. அழித்து வரைந்தாலும் அப்படியே.

"இன்னாமே, ஓசில வந்தது இப்டிதான் இழுக்கும்," என்று சிரித்தார்.

அளவில்தான் தப்போ என்று பீரோவை நகர்த்தி அங்கேயும் தரையோடு அளந்தோம். மேலே அளந்ததைவிட மூன்று விரற்கடை குறைவு. பீரோ மறைத்திருந்த சுவரில் விரல் நுழையும் விரிசல். அவர் வெளியே ஓடி, நூலில் பூட்டைக் கட்டிச் சுவர் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். அடியில் பூட்டு சுவரை விட்டு விலகி ஆடியது.

சுவர் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதை ஒட்டித்தான் மகளுக்குப் பாய் போடுவோம்.

கூப்பிட்டு வந்த மேஸ்திரி உள்ளே கால் வைக்கவில்லை. "இன்னும் இங்கயா படுத்துக்கினு கீறீங்க? கொழந்தைய தூக்கிக்கினு மொதல்ல வெளிய வாங்க!"

அன்றே எளாவூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அந்த வாரமே மழையில் சுவர் சரிந்தது. போய்ப் பார்த்தபோது கூரை உள்ளே இறங்கியிருந்தது. மகள் படுக்கும் இடத்தில் உத்தரம் கிடந்தது. அவர் அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

மீஞ்சூரில் வேறு வீடு பார்த்தோம். பிளான் வேலையும் மெல்ல வர ஆரம்பித்தது. ஆனால் நெடுநாள் மகளை எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுக்க வைத்தோம்; சுவர் பக்கம் புரளவே விடவில்லை.